ஆமைச் சோறு தின்ன வந்தவர்கள்

ஆமைக்கும் எனக்கும் எந்தப் பகையும் கிடையாது. அது பாட்டுக்கு அது கிணற்றில் கிடந்தது, நான் பாட்டுக்கு நான் மலைமேல் கடை போட்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டுவிட்டது ஒரு பத்திரிகை. இப்போதெல்லாம் காமிராவும் கையுமாக யாராவது வந்து, "உங்க ஓட்டலைப் பத்தி எழுதப் போறோம்" என்றால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். எங்கள் சீமையில் அந்தத் தொழிலை முதன்முதலாகத் தொடங்கி வைத்த மனிதர் என் கடை வாசலில் வாந்தி எடுத்தவர். அவர் தலையில் நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

மலைக்கு பஸ் வந்த புதிது அது. அதற்கு முன்னால் மேலே ஏற வேண்டுமென்றால் கால்தான் வண்டி. பஸ் சோளக்காடு என்கிற ஊரில் வந்து நிற்கும். பலாப்பழமும் வாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஏறும், ஜனம் இறங்கும். அதற்கு எதிரே என் அண்ணனுக்கு ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. அண்ணன் அடிவாரத்தில் மிளகு வியாபாரி. நான் கல்யாணம் ஆன சூட்டிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அவர் வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்தவள். நங்கையா, அதாவது அண்ணன் பெண்சாதி, நல்லவள்தான். ஆனால் ஒரே குழம்புக்கு இரண்டு பேர் உப்புப் போட்டால் என்ன ஆகும்? நான் வைத்த அகப்பையை அவள் மாற்றி வைப்பாள், அவள் மாற்றியதை நான் மாற்றுவேன். பேசிக்கொள்ள மாட்டோம். பாத்திரங்கள்தான் பேசும். தெருவுக்கே கேட்கும்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் அண்ணனிடம் கேட்டுவிட்டேன்.

"கொட்டகை சும்மாதானுங்கண்ணா கெடக்குது. குடுங்க, ஓட்டல் போடறேன்."

"பொம்பள ஓட்டல் போடறதா? டிரைவரும் கண்டக்டரும் வந்து உக்காருவான் அம்மிணி."

"உக்காரத்தானுங்கண்ணா பெஞ்சு போடறது."

முறைத்தார். என் வாயை அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறார். அடிக்க முடியாத வயசுக்கு நான் வந்துவிட்டதால் யோசித்தார். கடைசியில் ஒரு கெடு வைத்தார்.

"தை மாசம் மிளகு வந்தா எனக்குக் கொட்டகை வேணும். அதுக்குள்ள உங் கடை பொழச்சுட்டா நான் வேற எடம் பாத்துக்கறேன். பொழைக்கலீன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு ஊடு வந்து சேரோணும். அதுக்கப்பறம் ஓட்டலுங்கற பேச்சே எடுக்கப்படாது."

கடை பிழைத்தால் நான் மலைமேல். பிழைக்காவிட்டால் ஆயுசு முழுக்க நங்கையாவின் அடுப்படி.

டீ நன்றாக ஓடியது. சாப்பாடுதான் நொண்டியது. நெல்லரிசி கிடைக்காத காலம். லாரியில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மலையில் விளைந்தது சாமை. அதற்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் சாமைச் சோறு போட்டால் மலைக்காரர்கள், "இதத்தான் ஊட்டுல மூணு வேளையும் திங்கறோம். ஓட்டலுக்கு வந்துமா?" என்று எழுந்து போவார்கள். கீழே இருந்து வருகிறவர்களோ, "எங்கூர்ல இதக் கோழிக்குப் போடுவமுங்க" என்பார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "அப்பக் கோழிய அனுப்பி உட்டிருக்கலாமுங்களே, நீங்க எதுக்கு சிரமப்பட்டு வந்தீங்க?" என்பேன். இப்படிப் பேசினால் கடை எப்படி விளங்கும்? விளங்கவில்லை. வந்த கொஞ்ச அரிசியையும் வாடிக்கைக்குப் பொங்கி வைத்துவிட்டு நான் எனக்கென்று சாமையும் பலாக்கொட்டை போட்ட மிளகுக் குழம்பும் வைத்துக்கொள்வேன். வாடிக்கைச் சோறு மீந்து போகும். என் சோறு மட்டும் காலியாகும், நான் ஒருத்தியே தின்று.

இந்த நேரத்தில்தான் அந்த மனிதரின் பெயர் மலை வரைக்கும் அடிபட்டது. அவருக்கு பஸ்காரர்கள் வைத்த பெயர் நாக்குக்காரர். சேலத்தில் அச்சான ஒரு தினத்தாளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுதுவார். அதுவரைக்கும் பத்திரிகை என்றால் கூட்டம், கொலை, சினிமா. ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுவது என்பதை யார் கண்டது? இவர் எழுதினார். ஒரு பஸ் ஸ்டாண்டு ஓட்டல் சாம்பாரைப் பற்றி, "இதில் பருப்பு குளித்துவிட்டுப் போயிருக்கிறது, தங்கவில்லை" என்று எழுதினார். அந்த ஓட்டல்காரர் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லையாம். அடுத்த வாரத்திலிருந்து அவர் சாம்பாரில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றதாம். இன்னொரு கடைக் காபியைப் பற்றி, "சூடாக இருந்தது" என்று ஒரே ஒரு வரி எழுதி நிறுத்திக்கொண்டார். அந்தக் கடைக்காரர் பத்திரிகை ஆபீசுக்கே போய், திட்டுவதாக இருந்தால் ஒழுங்காகத் திட்டுங்கள் என்று சண்டை போட்டாராம்.

அவர் யார், எப்படி இருப்பார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒல்லியாக இருப்பார், தனியாக வருவார், ஜிப்பா போட்டிருப்பார் என்று ஒரு வதந்தி. அதன் பலன், சேலத்தில் இருந்த ஒல்லியான மனிதர்களுக்கெல்லாம் யோகம் அடித்தது. ஒல்லி ஆசாமி ஒருவன் தனியாக வந்து உட்கார்ந்தால் போதும், கேட்காமலே நெய் விழும், முறுகல் தோசை வரும், முதலாளியே வந்து விசிறுவார். இலவசமாகத் தின்று தின்று அந்த ஒல்லிகளெல்லாம் குண்டாகிப் போய்க் கடைசியில் ஒருத்தரும் சீந்தாமல் விட்டார்கள் என்று எங்கள் கண்டக்டர் சொல்லுவார். கண்டக்டர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் ஒல்லி வதந்தியைக் கிளப்பி விட்டது நாக்குக்காரரேதான் என்று பிற்பாடு அவர் வாயாலேயே கேட்டேன்.

அவர் பத்திரிகைக்குள் வந்த கதை இன்னும் வேடிக்கை. அங்கே அவர் அச்சுப்பிழை திருத்துகிற வேலையில்தான் இருந்தார். ஒரு நாள் ஓர் ஓட்டல் விளம்பரம் அவர் கைக்கு வந்தது. "சுவையான உணவு கிடைக்கும்" என்று இருந்தது. அந்த ஓட்டலில் முந்தின நாள்தான் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். பேனாவை எடுத்து "சுவையான" என்பதைப் பிழை என்று அடித்துவிட்டார். விளம்பரம் "உணவு கிடைக்கும்" என்றே வந்தது. ஆசிரியர் கூப்பிட்டுக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சிவிட்டு, "உனக்கு அவ்வளவு நாக்கு இருந்தா நீயே எழுதித் தொலையேன்யா" என்றாராம். அப்படித் தொலைத்தவர்தான் அதற்கப்புறம் சாகும்வரை எழுதினார். அவரைப் பார்த்து நாலைந்து பத்திரிகைகளில் நாலைந்து பேர் எழுத வந்தார்கள். அவருக்கு இருந்த குறும்பு ஒருத்தருக்கும் வரவில்லை. நான் சொல்கிறேன், எனக்குத் தெரியும்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் கடைக்குப் போனாலும் போர்டில் எழுதியிருப்பதைக் கேட்க மாட்டார். கடைக்காரர் தனக்கென்று என்ன ஆக்கி வைத்திருக்கிறாரோ அதைத்தான் கேட்பார். தான் தின்னாததை எவன் விற்றாலும் அவன் யோக்கியன் இல்லை என்பது அவர் கட்சி.

ஐப்பசி மாதம் ஒரு மத்தியானம், மழை விட்ட நேரம், பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார். இறங்கினார் என்றா சொன்னேன்? உருண்டார். பூசணிக்காய்க்கு வேட்டி கட்டின மாதிரி ஆள். கொண்டை ஊசி வளைவுகள் அவரைப் பிழிந்து எடுத்திருந்தன. நேரே என் வாசலுக்கு வந்தார், வயிற்றில் இருந்ததையெல்லாம் என் வாசலுக்கே கொடுத்தார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் மூக்கு மட்டும் விழித்துக்கொண்டது.

"உள்ள என்னம்மா கொதிக்குது?"

"அது எனக்குங்க. உங்களுக்கு நெல்லுச்சோறு இருக்குதுங்க, சாம்பார் இருக்குதுங்க."

"நீங்க சாப்பிடப் போறதைத்தான் கேக்கறேன்."

"ஏனுங்க, ஊட்டுல வளக்கற கோழி இருக்குதுங்களா? கோழித் தீவனம்னு சொல்லிக்கிட்டே எந்திரிச்சுப் போறதுன்னா இப்பவே போயிருங்க. போட்டப்பறம் போனா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அவர் சிரித்தார். வயிறு முழுக்கச் சிரித்தது. இலையில் சாமைச் சோற்றைப் போட்டு, குழி பண்ணிக் குழம்பை ஊற்றினேன். சாப்பிடாமல் குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் மோந்து பார்த்தார்.

"மோந்து பாக்கறதுக்குச் சோறு என்ன மல்லிகப்பூவுங்களா? ஆறிப் போயிரும், தின்னுங்க சாமி."

தின்றார். என்ன சொல்வேன், தலையை நிமிர்த்தவே இல்லை. போடப் போடத் தின்றார். எனக்கென்று வைத்திருந்தது போய், குழம்புச் சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டேன். "இது என்ன சோறும்மா?" என்றார். "சாமைங்க" என்றேன். இதை எப்படிச் சோறாக்குகிறீர்கள் என்று தோண்டித் துருவினார். காய வைப்பது, உரலில் குத்துவது, புடைப்பது, கல் அரிப்பது எல்லாம் சொன்னேன். போகும்போது எழுந்து நின்று கைகூப்பினார். நான் ஆக்கிய சோற்றுக்கு யாரும் கைகூப்பி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் பட்டினி. ஆனால் மனசு நிறைந்து கிடந்தது. அவர் யார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒல்லி என்றல்லவா சொன்னார்கள்!

அடுத்த ஞாயிறு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்து ஓடி வந்தார். "அக்கா! நாக்குக்காரரு உங்க கடையப் பத்தி எழுதியிருக்கறாருங்க!" டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில், ஓர் அம்மாள் கையால் ஆமைச் சோறு சாப்பிட்டேன்."

கண்டக்டர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "படிங்க" என்றேன்.

"ஆமை என்றால் முகம் சுளிப்பவர்கள் இங்கே வந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். மலையில் ஆமையை நன்றாகக் காய வைத்து, உரலில் போட்டுக் குத்தி, உமி போகப் புடைத்து, கல் அரித்து ஆக்குகிறார்கள். வெந்த ஆமை உதிரி உதிரியாக இருந்தது. ஓர் ஆமை இன்னோர் ஆமையோடு ஒட்டவில்லை. குழந்தைகளுக்கு ஆமையைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கலாம்."

அடப்பாவி மனுஷா! ஓர் இடம் இரண்டு இடம் இல்லை, தொடக்கம் முதல் கடைசி வரை ஆமை, ஆமை, ஆமை. சாமை என்ற பேச்சே இல்லை. நான் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன். ஆமையை முறத்தில் போட்டுப் புடைப்பதை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். இதைப் படிக்கிறவன் எவனாவது நம்புவானா என்று நினைத்தேன்.

நம்பினார்கள். அச்சில் வந்துவிட்டால் எதையும் நம்புவார்கள் போலிருக்கிறது.

முதலில் நம்பியவர் என் அண்ணன். அடுத்த பஸ்ஸுக்கே முகமெல்லாம் சிவந்து வந்து நின்றார்.

"ஆமை பூந்த ஊடு உருப்படாதும்பாங்க. நீ எங் கொட்டகைல ஆமையக் கொண்டாந்து ஒரல்ல குத்துனியா அம்மிணி?"

"அண்ணா, ஆமைய ஒரல்ல குத்த முடியுமுங்களா? ஓட்ட வெச்சுக்கிட்டு அது சும்மா இருக்குமுங்களா? அது சாமைங்கண்ணா. அச்சுல தப்பு."

"தப்போ சரியோ, ஊரெல்லாம் படிச்சுப்போட்டான். ஆமை பூந்த கொட்டகைல வெச்ச மொளகுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? இனித் தை வரைக்கும் பொறுக்கறதுக்கில்ல. லாரி கெடச்சதும் வாரேன். சாமானத்த ஏத்திக்கிட்டு ஊடு போலாம்."

எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ போயிற்று. அண்ணனிடம் கெஞ்சினேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. அவர் போனதும் ஒரு கார்டு வாங்கிப் பத்திரிகை ஆபீசுக்கு எழுதினேன். "என் கடையில் ஆமை கிடையாது. உங்கள் அச்சாபீசில்தான் புகுந்திருக்கிறது. விளக்குப் போட்டுத் தேடவும்." கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அந்தப் பக்கம் கார்டு போக, இந்தப் பக்கம் கூட்டம் வந்தது. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் கொஞ்சம் வயசானவர்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முனகிக்கொண்டு இறங்குவார்கள். கடைக்குள் வந்து நிற்பார்கள். "உக்காருங்க" என்றால், "பரவால்லீங்க, நிக்கறதே சௌகரியமுங்க" என்பார்கள். ஒருத்தர் இல்லை, வந்தவர் அத்தனை பேரும் நின்றார்கள். புதுசாக இழைத்துப் போட்ட பெஞ்சு காலியாகக் கிடந்தது. கண்டக்டர்தான் என் காதோரம் வந்து விஷயத்தைச் சொன்னார். மூலத்துக்கு ஆமைக்கறி நல்லது என்று ஒரு வைத்தியம் இருக்கிறதல்லவா? கீழ்நாட்டு மூலக்காரர்கள் எல்லாம் புறப்பட்டு வந்துவிட்டார்கள்! அத்தனை வளைவு மலைப்பாதையில், அந்தக் கட்டைச் சீட்டில் உட்கார்ந்து! அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஆமை இல்லீங்க, இது சாமை" என்று ஒவ்வொருத்தரிடமும் தொண்டை வறளச் சொன்னேன். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "தெரியுமுங்க, வெளிய சொல்ல மாட்டமுங்க" என்பார்கள். சோற்றை விரலால் கிளறித் தேடுவார்கள். தின்று முடித்துவிட்டு, "ஆமைன்னே தெரியாத அளவுக்கு ஆக்கிப் போட்டீங்க" என்று மெச்சுவார்கள். அவர்களில் நாமக்கல் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், முறுக்கு மீசை, வாரா வாரம் வருவார். நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போவார். ஒரு நாள் வந்தார், இலையைப் போட்டேன், மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அசைந்து கொடுத்தார். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மீசையைத் தடவிக்கொண்டு, "குழம்ப ஊத்தும்மிணி" என்றார். நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும், "பாத்தீங்களா! மூலத்துக்கு ஆமை மருந்து கேட்டுருச்சு!" என்று கூவினார்கள். சாமை வயிற்றை இளக்கும், அவ்வளவுதான் சங்கதி. யார் கேட்கிறார்கள்?

கடை பிழைத்துவிட்டதே என்று கேட்பீர்கள். அண்ணனிடம் அதைச் சொல்லி ஆள் விட்டேன். "எந் தங்கச்சி மூலக்காரனுக்குப் பத்தியம் ஆக்கறான்னு ஊரு சிரிக்குது" என்று பதில் வந்தது. லாரிக்குச் சொல்லி வைத்துவிட்டாராம்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, பத்திரிகையில் சின்னதாக ஒரு பெட்டி. கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்களே படிங்கக்கா" என்று நீட்டினார். "திருத்தம். சோளக்காட்டுக் கடையில் கிடைப்பது ஆமைச் சோறு அல்ல. அது சாமிச் சோறு. தவறுக்கு வருந்துகிறோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளக் கூடத் தெம்பில்லை.

அந்த வாரம் அமாவாசை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிற பஸ்ஸெல்லாம் சோளக்காட்டில் நின்றது, நின்றதும் ஜனம் என் கடைக்கு வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். வாசல் முழுக்கச் செருப்பு. ஒருத்தர் என் நிலைப்படியில் தேங்காய் உடைத்தார். இன்னொருத்தர் அடுப்புக்குக் கற்பூரம் காட்டினார். ஓர் அம்மாள் நான் தடுக்கத் தடுக்க என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இது சாமிக்கு ஆக்குனதுங்களா தாயி?"

"மனுசனுக்கு ஆக்குனதுங்க! நேத்துக் கடஞ்ச கீரையும் கெடக்குது, வேணுமுங்களா?"

"அடக்கத்தப் பாருங்களே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் வெளியே லாரிச் சத்தம் கேட்டது. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தவர், வாசலில் அத்தனை செருப்பையும் பார்த்துத் தயங்கினார். தன்னை அறியாமல் தன் செருப்பையும் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். இலைக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். கற்பூர வாசனை வேறு. யாரோ அவரிடம் திருத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"அம்மிணி, சாமி காரியம்னு எனக்குத் தெரியாமப் போச்சு. சாமி சோறுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். கொட்டகை இனி உன்னுது. மொளகுக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், என் பிழைப்பு நிலைத்துவிடும். என் வாழ்நாளில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் என்று தீர்மானித்தேன். அந்த நேரம் பார்த்து மத்தியான பஸ் வந்தது. அதிலிருந்து உருண்டார் நாக்குக்காரர். முகம் பச்சை. இந்தத் தடவை வாந்திக்குக் கூட நிற்கவில்லை. செருப்புகளின் மேலேயே தடுக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்.

"அம்மா, மன்னிக்கணும்! சாமி இல்லை! சாமை! எனக்கப்புறம் பிழை திருத்த வந்தவர் ரொம்பக் கெட்டிக்காரர். சாமையை ஓட்டல்ல யாராவது விப்பாங்களா, இது ஆமையாத்தான் இருக்கணும்னு தானே முடிவு பண்ணித் திருத்திட்டார். உங்க கார்டு வந்ததும் திருத்தம் எழுதிக் குடுத்தேன். மலை, கோயில் இருக்கற ஊர், அப்ப சாமியாத்தான் இருக்கணும்னு அதையும் திருத்திட்டார்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஓட்டலில் சாமை இருக்கும் என்பதை விட ஆமை இருக்கும் என்பது ஒரு படித்த மனுஷனுக்கு நம்பும்படியாக இருந்திருக்கிறது! கடையில் எல்லோரும் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அண்ணன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ சொல்லு அம்மிணி. இது சாமியா, சாமையா?"

"மி" என்று சொன்னால் கொட்டகை எனக்கு. "மை" என்று சொன்னால் லாரி வெளியே நிற்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பாழாய்ப்போன வாய் திறந்துகொண்டது.

"சாமைங்கண்ணா! நம்மூட்டுக் கோழிக்குப் போடற அதே சாமை! ஆமைன்னாங்க, ஓடி வந்தீங்க. சாமின்னாங்க, செருப்பக் கழட்டிப்போட்டு வந்தீங்க. சோத்துக்குன்னு எவனாவது வந்தீங்களா? காத்தால இருந்து குத்திப் பொடச்சு வேகற நான் ஒருத்தி இங்க நிக்கறேன், என்ற சோறு நல்லா இருக்குதுன்னு ஒரு வாயாவது சொல்லுச்சா? ஏத்துங்கண்ணா அண்டாவ, ஏத்துங்க!"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"நான் சோத்துக்குத்தாம்மா வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார் நாக்குக்காரர். "மன்னிப்பு மட்டும்னா கார்டிலேயே கேட்டிருப்பேன்."

பெஞ்சிலிருந்து மீசைக்காரப் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு மூலம் போயி எத்தன நாளாச்சு? அப்பறமும் இத்தன தூரம் எதுக்கு வாரேன்னு நெனச்ச? ஆமை இல்லீன்னு மொதல் நாளே தெரியும் அம்மிணி. ஆமைக்கறி திங்காதவனா நானு?"

என் காலைத் தொட்ட அம்மாள் இலையை என் பக்கம் நகர்த்தினாள். "சாமியோ சாமையோ, இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தாயா. சோறு அப்பிடியே நிக்குது." யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர் கூட இலையை விட்டு எழுந்து போகவில்லை.

நாக்குக்காரர் அடுத்த வாரம் தானே அச்சாபீசில் நின்று, தன் கையாலேயே எழுத்தைக் கோத்து, சாமை என்று சாமையாகவே போட்டார். அது அடுத்த வாரத்துச் சங்கதி. அன்றைக்கு அண்ணன் என்ன செய்யப் போகிறார் என்றுதான் நான் முந்தானைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நாக்குக்காரருக்கும் பெரியவருக்கும் நடுவே இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். இலை போட்டேன். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன். நான் கடை போட்டதிலிருந்து அவர் அங்கே ஒரு வாய் தின்றதில்லை. மிளகுக் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தின்றார். இரண்டாம் தரம் கேட்க வாய் வராமல் விரலால் இலையைத் தட்டிக் காட்டினார். போட்டேன்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார்.

"கம்மி இல்லை, சரியா இருக்கு" என்று நாக்குக்காரர் பாய்ந்தார். "எங்கூட்டுப் புள்ள ஆக்குன சோறு, எனக்குத் தெரியாதுங்களா?" என்று அண்ணன் திருப்பிப் பாய்ந்தார். இரண்டு பேரும் உப்பைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அண்ணன் எழுந்து கையைக் கழுவினார். வாசலில் செருப்புக் கும்பலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டே, லாரியில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த டிரைவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏப்பா, எறங்கி வா! சாப்டுட்டு வெறும் லாரியாப் போலாம். சாமானம் ஒண்ணும் ஏத்தறதுக்கில்ல."

"என்ன சோறுங்க?" என்று டிரைவர் அங்கிருந்தே கேட்டான்.

"சாமைச் சோறுடா. எந் தங்கச்சி கடைச் சோறு. கையக் கழுவிட்டு வா."